அன்றைக்கு மழை இல்லை

அந்த ஆஸ்பத்திரியில் நர்சுகள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆனால் வெறுமனே "சிஸ்டர்" என்று சொன்னால் அது அவள்தான். அவளுடைய கணவர் போன் செய்து "சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்பார். "நீங்க யாரு பேசறது?" என்று திருப்பிக் கேட்டால், "அவங்க வீட்டுக்காரர்" என்பார். எதிர்ப்பக்கம் ஒரு நொடி பேச்சே வராது. கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும் அந்த ஜோக் அவருக்கு அலுக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் எப்போதும் பாதியில் நிற்கும். மூச்சு வாங்க நாலு மாடி ஏறும் அக்கம்பக்கத்தார் அவரைப் பார்க்கிற பார்வையில் அவருக்கான தண்டனை தினமும் கிடைத்துவிடும்.

சிஸ்டருக்கு நோயாளிகளோடு வேலை இல்லை. மூன்றாம் மாடியின் கோடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. அது அவள் பொறுப்பு. கருவிகளைத் துணியில் பொட்டலம் கட்டி, மேலே ஒரு டேப் ஒட்டி உள்ளே வைப்பாள். சூடு சரியாக ஏறியிருந்தால் டேப்பில் கறுப்புக் கோடுகள் விழும். விழாவிட்டால் பொட்டலம் மறுபடி உள்ளே போக வேண்டும். "பாத்திரம் கழுவற உத்தியோகம்" என்று தன் வேலையைப் பற்றி அவளே கிண்டலாகச் சொல்வாள்.

ஒரு நாள் கோடுகள் கறுப்பாக விழாமல் சாம்பல் நிறத்தில் விழுந்தன. அடுத்த வாரம் அதுவும் மங்கியது. அவள் ரெஜிஸ்டரில் எழுதினாள். நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் கொடுத்தாள். நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டு, "கண்ணாடியை மாத்துங்க சிஸ்டர், கோடு நல்லாத்தான் இருக்கு" என்றார். நாலு மாதம் இப்படியே போயிற்று. அந்த நாலு மாதத்தில் பிரசவ வார்டில் ஒன்பது குழந்தைகளுக்குக் கிருமித் தொற்று வந்தது. ஒரு குழந்தை பிழைக்கவில்லை.

அந்தக் குழந்தை போன மறுநாள், அவள் ரெஜிஸ்டரின் பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு ஒரு காலைப் பத்திரிகையின் அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே அவளுக்கு வாய்த்த நிருபரைச் சக ஊழியர்கள் "கொசு" என்பார்கள். பதில் கிடைக்கிற வரை காதைச் சுற்றிக்கொண்டே இருப்பார் என்று அந்தப் பெயர். மெலிந்த உடம்பு, நாற்பதை நெருங்கும் வயது. அவர் அவளை உடனே நம்பிவிடவில்லை. மூன்று வாரம் விசாரித்தார். இயந்திரத்தைப் பற்றி, கடிதங்களைப் பற்றி, வார்டைப் பற்றி, அவளைப் பற்றியும். பிறகு, "பேர் போடாமலும் எழுதலாம்" என்றார்.

"போடுங்க" என்றாள் அவள். "பேர் இல்லைன்னா யாரோ வயித்தெரிச்சல்ல சொன்னதுன்னு தள்ளிடுவாங்க."

திங்கட்கிழமை காலை, முதல் பக்கத்தில் முதல் பகுதி வந்தது. ரெஜிஸ்டர் பக்கங்களோடு இரண்டாம் பகுதி வியாழக்கிழமை வரும் என்று அறிவித்திருந்தார்கள். அன்று மத்தியானமே ஆஸ்பத்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. இரண்டாம் பகுதிக்குத் தடை கேட்டுக் கோர்ட்டுக்கும் போனது. புதன்கிழமை காலை விசாரணை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. பேசியது ஒரு மாலைப் பத்திரிகையின் பெண் நிருபர். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள். "உங்களைப் பத்தின ஒரு செய்தி நாளைக்கு சாயங்காலம் வருது. உங்க தரப்பையும் கேட்டுப் போடணும்னுதான் கூப்பிட்டேன்."

செய்தி என்னவென்று அவள் சொல்ல, சிஸ்டர் முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். அன்று "சிஸ்டர் இருக்காங்களா" என்று அவர் கேட்கவில்லை. குரலைக் கேட்டதுமே, "இதோ வரேன்" என்றார். அடுத்தபடியாக அவள் கொசுவைக் கூப்பிட்டு, தன்னுடைய பழைய சிகிச்சை ஃபைல் ஒன்று வெளியே போயிருப்பதாக மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு மூன்று பேரும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கணவரின் கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

"எதைப் பத்தின செய்தி?" என்று நிருபர் கேட்டார்.

அவள் கணவரைப் பார்த்தாள். "சொல்லிடு" என்றார் அவர்.

பதினாலு வருடத்தில் கணவரையும் டாக்டர்களையும் தவிர யாரிடமும் அவள் சொன்னதில்லை. மகள் பிறந்த சில வாரங்களில் அவளுக்கு மனது சரியில்லாமல் போயிற்று. தூக்கமே இல்லை. தன் கையாலேயே குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் ராப்பகலாகப் பிடித்து ஆட்டியது. ஒரு நாள் காலை, எழுபத்தொரு நாள் குழந்தையைப் பஸ் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்திலிருந்த பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு, கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அதன் பிறகு மூன்று மாதம், தான் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சிகிச்சை நடந்தது. முழுதாகக் குணமானது. அந்த ஃபைலின் நகல்தான் இப்போது மாலைப் பத்திரிகையின் கையில் இருந்தது.

"பெத்த குழந்தையை நடுத்தெருவுல விட்டவ, ஊர்க் குழந்தைகளைப் பத்திப் பேசறான்னு எழுதுவாங்க" என்றாள்.

நிருபர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு இது தெரியும் சிஸ்டர்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா. உங்களை நம்பலாமான்னு நாலஞ்சு பேர்கிட்ட விசாரிச்சேன். உங்ககூட முன்னாடி வேலை பாத்தவங்க ஒருத்தங்க பேச்சுவாக்குல சொன்னாங்க. நோட்டுல எழுதினேன். அப்புறம் அடிச்சுட்டேன். மெஷின் கெட்டுப் போனதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

"எழுதிட்டுத்தானே அடிச்சீங்க?"

"ஆமா."

அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள். டீயை வடிகட்டி அவர் முன்னால் வைத்தாள். "ஆறிடும், குடிங்க" என்றாள். அது மன்னிப்பா, இல்லை விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையா என்று அவருக்குப் புரியவில்லை. குடித்தார்.

"இதை நிறுத்த முடியாதா?" என்று கணவர் கேட்டார்.

"முடியும். வர்ற வழியில எங்க வக்கீலைக் கேட்டேன். எந்த ஃபைல்னு சொல்லலை, பொதுவாத்தான் கேட்டேன். நோயாளியோட ஃபைலை வெளிய விட்டதே குத்தம். இன்னிக்கே கோர்ட்டுக்குப் போனா தடை கிடைச்சுடும்னு சொல்றார்."

"அப்ப கிளம்புங்க, போகலாம்."

"இருங்க, முழுசா சொல்லிடறேன்." நிருபர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரியோட மனுவும் அதே கோர்ட்டுலதான் வருது. எந்தப் பொட்டலம் யாருக்குப் போச்சுன்னு ரெஜிஸ்டர்ல குழந்தைங்க பேர் இருக்கு, அது அந்தரங்கம், அதனால எங்க பேப்பர் அதைப் போடக் கூடாதுன்னு கேக்கறாங்க. பேரையெல்லாம் நாங்க ஏற்கெனவே எடுத்துட்டோம். ஆனா அந்தரங்கம்னு சொல்லி, அச்சாகறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பரை நிறுத்தலாம்னு இன்னிக்கு ஒரு உத்தரவு வந்தா, நாளைக்கு அவங்க வக்கீல் முதல்ல நீட்டறது அந்தக் காகிதமாத்தான் இருக்கும்."

"அதனால போக வேண்டாம்ங்கறீங்க."

"அப்படி நான் சொல்ல முடியாது. இதுல எனக்குச் சொந்த லாபம் இருக்கு. அதனால என் யோசனையைக் கேக்காதீங்க. நீங்க போனீங்கன்னா தப்புன்னு நினைக்க மாட்டேன். என் வீடா இருந்தா நானும் போயிருப்பேனோ என்னவோ."

கணவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்படும்போது குரல் தாழ்ந்துவிடும். "ஊருக்கு நல்லது நடக்கணும்னா நம்ம பொண்ணுதான் மாட்டிக்கணுமா? ஸ்கூல்ல எத்தனை பேர் அவளைக் கேப்பாங்க, யோசிச்சீங்களா?"

 சிஸ்டர் நிருபரிடம் கேட்டாள். "ரெண்டாவது பகுதி வரலைன்னா மெஷின் என்ன ஆகும்?"

"ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

"இன்னிக்கும் ஓடுதா?"

"ஓடுது. உங்க இடத்துல வேற ஒருத்தரைப் போட்டிருக்காங்க."

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை" என்றாள். "பிரசவ வார்டுக்குப் பொட்டலம் போற நாள்."

மேஜை மேல் சிந்தியிருந்த டீயை விரலால் துடைத்தாள். பிறகு கணவரிடம், "கோர்ட்டுக்குப் போக வேண்டாம். அவகிட்ட நானே சொல்லிடறேன். பேப்பர் வர்றதுக்கு முன்னாடி" என்றாள்.

"பதினாலு வருஷமா சொல்லாததை இன்னிக்கு எப்படிச் சொல்லுவே?"

"தெரியலை. நீங்க பக்கத்துல இருங்க."

நிருபர் படியிறங்கி நேராக மாலைப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். போன் செய்த அந்தப் பெண் நிருபரை அவருக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒரே பத்திரிகையில், ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்தவர்கள். அவருடைய பேனாக்களில் பாதியைத் தின்றே தீர்த்தவள் என்று அவர் சொல்வார். இப்போதும் அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எதுக்கு வந்தேன்னு தெரியும். உக்காரு" என்றாள்.

"யார் கொடுத்தா அந்த ஃபைலை?"

"என்கிட்ட அதைக் கேக்கலாமா? நீ சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். சரி, விடு. அதை ஏன் போடறே?"

"நீ ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரை எடுத்துப் போட்டா பத்திரிகை சுதந்திரம். நான் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் போட்டா அடுத்தவங்க வீட்டுல எட்டிப் பாக்கறதா? நல்லா இருக்கு நியாயம்."

"நான் எடுத்தது ஒரு மெஷினோட ரெக்கார்டு. நீ எடுத்தது ஒரு மனுஷியோடது."

"அந்த மனுஷி சொல்றதை நம்பித்தானே ஊரே ஆஸ்பத்திரியைத் திட்டுது? அவங்க யாருன்னு ஜனங்க தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"அவங்களை நம்பச் சொல்லலை. டேப்பை நம்பச் சொல்றேன். அவங்க நல்லவங்களோ கெட்டவங்களோ, கோடு கறுப்பா விழலை."

அவள் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். பக்கத்தின் மாதிரி அவள் முன்னால் மேஜையில் கிடந்தது. மூன்றாம் பக்கம். சிஸ்டரின் பெரிய படம். அதன் கீழே, பள்ளிச் சீருடையில் மகளின் சின்னப் படம்.

"இந்தப் பொண்ணு யார் மேலயும் புகார் கொடுக்கலை" என்றார் அவர்.

அவள் ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தாள். "செய்தியை நிறுத்த என்னால முடியாது. மேல முடிவு பண்ணிட்டாங்க. படத்தை எடுத்துடறேன். ஸ்கூல் பேரையும்." பிறகு, "இதுக்கு மேல என்கிட்ட கேக்காதே" என்றாள். அவள் குரலிலும் தெம்பு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. நன்றி சொல்வதா வேண்டாமா என்று குழம்பி, சொல்லாமலே எழுந்து வந்துவிட்டார்.

நாலு மணிக்கு மகள் வந்தாள். அந்த நேரத்தில் அப்பாவும் வீட்டில் இருப்பதைப் பார்த்ததும், "என்ன, நம்ம லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணவா லீவு?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

அம்மா சொன்னாள். மருத்துவ வார்த்தைகளை முதலில் போட்டுப் பார்த்தாள். அது சரிவராமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பையின் வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மகள் முதலில் கேட்டது, "எவ்வளவு நேரம் நான் அங்க இருந்தேன்?"

"நாப்பது நிமிஷம்."

"அழுதேனா?"

"தூங்கிட்டு இருந்தியாம். டிக்கெட் கொடுக்கற அம்மா வெளிய வந்து உன்னை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்களாம். உன்னை வச்சுக்கிட்டேதான் டிக்கெட் கிழிச்சாங்களாம்."

"நீ எங்க போனே?"

"மூணாவது ஸ்டாப்புல இறங்கிட்டேன். கை லேசா இருந்துச்சு. அது ஏன்னு எனக்கு உடனே புரியலை. புரிஞ்சதும் ஒரு கடையில போய் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். குழந்தை எங்கன்னு கேட்டார். சொன்னேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கிரீஸை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது அப்பாவுக்குத் தெரியும்" என்று மகள் மெதுவாகச் சொன்னாள். "டாக்டருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தெரியும். ரெண்டு பேப்பருக்கும் தெரியும். எனக்குத்தான் கடைசி."

"ஆமா" என்றாள் அம்மா.

மகள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா கதவைத் தட்டப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். இருவரும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கீழே தெருவில் யாரோ பிள்ளையைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சீருடையை மாற்றாமல், அழுது வீங்கிய முகத்தோடு மகள் வந்து நின்றாள்.

"நாளன்னிக்கு நான் ஸ்கூலுக்குப் போகணும்ல? முழுசா சொல்லு. ஒண்ணு விடாம. எனக்குத் தெரியாத ஒண்ணை எவளாவது சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள். மகள் இந்த முறை பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எந்த மருந்து, எந்த டாக்டர், எத்தனை மாதம், அப்போது எனக்கு யார் பால் கொடுத்தது, யார் குளிப்பாட்டினது. குளிப்பாட்டியது அப்பா. "காதுல தண்ணி விட்டிருப்பார், அதான் எனக்குச் சரியாக் கேக்க மாட்டேங்குது" என்றாள். அவர் அப்போதுதான் முதல்முறையாக அழுதார்.

புதன்கிழமை காலை கோர்ட்டில் ஆஸ்பத்திரியின் மனு தள்ளுபடியானது. பெயர்களை நீக்கியிருக்கும்போது, அச்சாகாத ஒன்றை முன்கூட்டியே நிறுத்தக் காரணம் இல்லை என்றார் நீதிபதி. அதே நாள் மாலை, மாலைப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் சிஸ்டர் இருந்தாள். மகளின் படம் இல்லை.

மகள் பள்ளிக்குப் போகவில்லை. ஆனால் நாலரை மணிக்குத் தானாகவே கீழே இறங்கிப் போய்ப் பத்திரிகையை வாங்கினாள். கடை வாசலிலேயே நின்று படித்து முடித்து, நாலு மாடி ஏறி வந்தாள்.

"இதுல தப்பு இருக்கு" என்று பத்திரிகையை மேஜையில் விரித்தாள். "'கொட்டும் மழையில், பச்சிளம் குழந்தையை'ன்னு போட்டிருக்காங்க. அன்னிக்கு மழையா?"

"மழையா? இல்லையே. நல்ல வெயில். அதான் உனக்குத் தொப்பி போட்டிருந்தேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "தொப்பி போட்டியா?"

"உன் முகத்துல வெயில் அடிச்சுது. அந்தப் பெஞ்சுலயும் வெயில் இருந்துச்சு. உன்னை இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வச்சு, தொப்பியைக் கண்ணுக்கு மேல இழுத்து விட்டேன்." அம்மாவின் கை தானாக எழுந்து, இல்லாத ஒரு தொப்பியை இழுத்துவிட்டது. "அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் புகை மாதிரிதான் இருக்கு."

மகள் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தன் மோவாயை அவள் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். அவள் இவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்பதை அப்பா அன்றைக்குத்தான் கவனித்தார்.

வியாழக்கிழமை இரண்டாம் பகுதி வந்தது. வெள்ளிக்கிழமை அரசு ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள். நிர்வாக அதிகாரியை இடம் மாற்றினார்கள். இன்னும் கடுமையாக ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சிஸ்டரின் ஃபைலை வெளியே கொடுத்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். சில பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சில பேர் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டுக்கும் அவள் பழகிக்கொண்டாள். மகளிடம் பள்ளியில் ஒருத்தி கேட்டாளாம், "உன்னை பஸ் ஸ்டாண்டுல கண்டெடுத்தாங்களாமே?" இவள், "ஆமா, நாப்பது நிமிஷம் வேற ஒருத்தங்க மடியில இருந்தேன், உனக்கு என்ன வேணும்?" என்றாளாம்.

இதற்கு நடுவில் காலைப் பத்திரிகையின் ஆசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. சிஸ்டரையும் மகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேட்டி எடுத்து, படத்தோடு ஞாயிறு இதழில் போட வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "அவங்க பக்கத்து நியாயத்தை நாம சொல்லாம யார் சொல்றது?"

நிருபர் அதைச் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்குப் போனார். பாதிப் படியில் நின்று யோசித்தார். மேலே போய்க் கதவைத் தட்டி, "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லி, டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். ஆசிரியரிடம், "அவங்க சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிட்டாங்க சார்" என்றார். வேலை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்காமல் அவர் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. கொசுவுக்கு வயதாகிவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் கையில் ஒரு தாளோடு அம்மாவிடம் வந்தாள். மாலைப் பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம். நாலே வரி.

"ஐயா, உங்கள் பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில் வந்த செய்தியில் ஒரு பிழை இருக்கிறது. அன்றைக்கு மழை இல்லை. வெயில். என் அம்மா எனக்குத் தொப்பி போட்டிருந்தார். திருத்தம் வெளியிடவும்."

கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"இதை அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். "உன் விஷயம். நீ வேண்டாம்னா கிழிச்சுடறேன்."

அம்மா தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். இந்த விஷயத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"தொப்பி என்ன கலர்னு எழுதலையே."

"என்ன கலர்?"

"மஞ்சள்."

மகள் மேஜையில் குனிந்து, "தொப்பி" என்ற வார்த்தைக்கு முன்னால் கொஞ்சம் இடம் பண்ணி, அதைச் சேர்த்து எழுதினாள்.